வலது கொடியிலிருந்து ஒரு கார்னர்

அந்த நாற்காலியில் வேண்டாம், இதில் உட்காருங்கள். அதன் பின்கால் ஒன்று கொஞ்சம் ஆடும். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் மூன்று வருடமாக அதில்தான் உட்காருகிறார். உட்காரும்போதெல்லாம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். எதற்காகப் பிடிக்கிறோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நானும் சொன்னதில்லை. தன் அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு மனிதன் தானாகக் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் கையெழுத்துக்காக வந்திருக்கிறீர்கள். உங்கள் விசாரணை அறிக்கை இருபத்து நான்கு பக்கம். நேற்றே படித்து முடித்துவிட்டேன். எழுத்துப் பிழைகள் ஒன்பது. பென்சிலால் குறித்திருக்கிறேன், அவை பரவாயில்லை. பதினான்காம் பத்தியில் மட்டும் ஒரு சொல் தவறு. அதை மாற்றாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. ஏன் தவறு என்று விளக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நீங்கள் கால்பந்து பார்ப்பவரா? இல்லையா, நல்லது. பார்ப்பவர்களுக்கு விளக்குவதுதான் சிரமம்.

கார்னர் என்பது இதுதான். நம் ஆள்மேல் பட்டு பந்து நம் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால், எதிரணிக்கு மூலைக் கொடியிலிருந்து ஓர் உதை கிடைக்கும். அந்த உதைக்கு முன்னால் அரை நிமிடம் எல்லாம் நிற்கும். தொண்ணூறு நிமிடமும் இவர்கள் ஓடுவது வெறும் ஓட்டம், நாய்கூட ஓடும். யோசிப்பதற்கு இடம் இருப்பது அந்த அரை நிமிடத்தில்தான். என் உத்தியோகம் அந்த அரை நிமிடம்.

அதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, ஆளுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வது. கடைத்தெருவில் குழந்தையைத் தொலைத்துவிடாமல் பிடித்துக்கொண்டு அலைவது மாதிரி, எதிரணிக்காரன் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவது. மூளைக்கு வேலை இல்லாத முறை. ஆகவே எல்லோருக்கும் பிடித்த முறை. இன்னொன்று, இடத்தைப் பிடித்துக்கொள்வது. கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவனைச் சொந்தக்காரனாக்கிவிடுவது. எவன் வந்தால் என்ன, போனால் என்ன. உன் கட்டத்துக்குள் பந்து வந்தால் அது உன்னுடையது. அவ்வளவுதான் பாடம். இந்த அவ்வளவை இவர்கள் தலைக்குள் ஏற்ற எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

சுவரில் இருக்கிற பலகையைப் பாருங்கள். நீலக் காந்த வில்லைகள் நம் ஆட்கள். சிவப்பு எதிரணி. மஞ்சள் ஒன்றே ஒன்று, அது கோல்கீப்பர். நான் வருவதற்கு முந்திய பருவத்தில் இந்த அணி கார்னரில் மட்டும் பதினோரு கோல் வாங்கியிருந்தது. என் முதல் பருவத்தில் நான்கு. அடுத்ததில் இரண்டு. இந்தப் பருவத்தில் கடைசி ஆட்டத்துக்கு முன்பு வரைக்கும் நூற்று முப்பத்தெட்டு கார்னர், ஒரு கோல்கூட இல்லை. பத்திரிகையில் யார் படம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? கோல்கீப்பர் படம். வாயைத் திறந்தபடி.

கோல்கீப்பர் என் தங்கையின் கணவர். உறவு முறைப்படி எனக்கு மாப்பிள்ளை. நான் அவருக்கு மச்சான். ஆள் நல்ல உயரம், நல்ல கை, தொண்டை மட்டும் மூன்று பேருக்கு உரியது. கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே வரும்போது "கீப்பர்" என்று கத்துவது எல்லா ஊரிலும் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் முன்னால் நிற்கிற நம் ஆள் விலகிக்கொள்ள வேண்டும். இவர் கத்தினால் மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவனும் விலகுவான். இதை அவர் ஒரு திறமை என்று நம்பினார். ஊரும் நம்பியது. தொலைக்காட்சியில் கேட்டபோது, "பலகை, வில்லை எல்லாம் சும்மா ஒரு துணைக்குத்தாங்க. நான் ஒரு குரல் விட்டா எல்லாரும் அவனவன் இடத்துக்குப் போயிடுவான்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

எனக்கு "ஸ்கேல் சார்" என்று பெயர் வைத்ததும் அவர்தான். உடை மாற்றும் அறையில் ஆரம்பித்து, பஸ் ஓட்டுநர்வரை போய்விட்டது. "ஸ்கேல் சார், இன்னிக்கு எத்தனை சென்டிமீட்டர்?" என்று ஓட்டுநர் கேட்பார். நான் பதில் சொல்வேன். கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை மேசையில் இருந்த உப்புக் குப்பி, கரண்டி, எலுமிச்சை மூடி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு என் குரலிலேயே ஆரம்பித்தார்.

"உப்பு, நீ இங்க நில்லு. கரண்டி, உனக்கு இந்தக் கட்டம். எலுமிச்ச, உன்னால அறிவே இல்லாம உருளத்தான் முடியும், நீ ஓரமா போ."

நன்றாகத்தான் செய்தார். எனக்கே என் குரல் கேட்டது. என் தங்கை சிரித்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், புரையேறி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"விடுங்க, அண்ணா பாவம்" என்றாள், சிரிப்பு அடங்காமலே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் கணக்கு ஆசிரியை. இந்த முறையின் முதல் தாளை நாங்கள் இருவரும்தான் வரைந்தோம், அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், எங்கள் வீட்டு மேசையில். நான் கோடு போட்டேன், அவள் ஸ்கேலை நகராமல் பிடித்துக்கொண்டாள். பந்து எந்தக் கோணத்தில் வந்தால் எந்தக் கட்டத்தில் விழும் என்று அவள்தான் கணக்குப் போட்டுத் தந்தாள். அந்தத் தாள் இன்னும் இந்த இழுப்பறையில் இருக்கிறது. அவள் சிரித்ததற்கு ஒன்றும் இல்லை. மனிதர்கள் சிரிப்பார்கள். தகவலுக்காகச் சொன்னேன்.

இனி தூண். எங்கள் தடுப்பு ஆட்டக்காரர்களில் ஆக உயரமானவன், ஆறடி நான்கங்குலம். பெயர் அதனால் வந்தது. அவனிடம் இரண்டு குணம் உண்டு: பந்தைப் பார்த்துவிட்டால் வேறெதையும் பார்க்கமாட்டான், யாராவது சொன்னால் அப்படியே செய்வான். இரண்டாவது குணம் மூளை இல்லாதவர்களிடம் நிறைய இருக்கும்.

பஸ்ஸில் அவன் எப்போதும் வலப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவான். வேறு யாராவது அங்கே இருந்தால் எழுப்பிவிட்டு உட்காருவான். மற்றவர்கள் அதை வீம்பு என்றார்கள். நான் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதும் மேசையின் வலது ஓரம். கூட்டத்தில் நிற்கும்போது சுவர் வலப்பக்கம் இருக்கும்படி நிற்பான். பேசுகிறவர்கள் எல்லோரும் அவனுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு நாள் இந்த அறைக்குக் கூப்பிட்டு, அவன் வலப்பக்கம் நின்று, மெதுவாக, "உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்றேன். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது காது சுத்தமாகக் கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலில் போனது. மருத்துவச் சோதனையில் எப்படியோ ஏமாற்றியிருக்கிறான்.

"சார், வெளிய சொல்லிடாதீங்க சார். சொன்னா என்னை அனுப்பிடுவாங்க. எனக்கு இதை விட்டா வேற எதுவும் தெரியாது."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றேன். சொல்லவும் இல்லை. எதிராளியின் பலவீனம் எல்லோருக்கும் பயன்படும். நம் ஆளின் பலவீனம் தெரிந்தவனுக்கு மட்டும்தான் பயன்படும்.

இப்போது கொஞ்சம் கவனியுங்கள். எழுந்து நில்லுங்கள், தப்பில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்த ஜன்னல்தான் நம் கோல். வலது கை பக்கம் மூலைக் கொடி, கதவு இருக்கிற இடம். பந்து அங்கிருந்து வரப்போகிறது, ஆகவே கதவைப் பார்த்துத் திரும்புங்கள். இப்போது ஜன்னல் எந்தக் காதுப் பக்கம் இருக்கிறது? வலது. இடது கொடியிலிருந்து வரும் பந்து என்றால் இடது காதுப் பக்கம் இருக்கும். உட்காருங்கள்.

ஆக, இடது கொடி கார்னர் என்றால் தூணைக் கோலுக்கு நேர் முன்னால், நடுக் கட்டத்தில் நிறுத்தலாம். கீப்பர் கத்தினால் கேட்கும், விலகுவான். வலது கொடி என்றால் நிறுத்தக் கூடாது. காலி மைதானத்தில் கேட்டுவிடும், மறு காது பிடித்துக்கொள்ளும். பயிற்சியில் ஒரு தொல்லையும் தெரியாது. பத்தாயிரம் பேர் கத்தும்போது கேட்காது. அவனோ கண்ணை மூடிக்கொண்டு முட்டுகிறவன். அதனால் வலது கொடி கார்னருக்கு மட்டும் அவனைச் சின்னப் பெட்டியைச் சுற்றியிருக்கும் பெரிய பெட்டியின் வெளி விளிம்பில் நிறுத்தினேன். கீப்பர் ஒருபோதும் அவ்வளவு தூரம் வரமாட்டார். காரணம் எனக்கும் தூணுக்கும் மட்டும் தெரியும். இரண்டு பருவம் இப்படியே ஓடியது.

மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு காலைக் கூட்டத்தில், தலைமைப் பயிற்சியாளர் அந்த நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்க, அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"இருக்கறதுலயே உயரமானவனைக் கொண்டுபோய் வெளிய நிறுத்தி வேடிக்கை பாக்க வைக்கிறோம். கேட்டா கட்டமாம். மச்சான், கோவிச்சுக்காதீங்க, எனக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்க."

"இருக்கு" என்றேன்.

"என்ன?"

"கணக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமைப் பயிற்சியாளர், சிரிப்பவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சேருகிறவர், தானும் சிரித்தார்.

"ரெண்டு கொடிக்கும் தூண் என் முன்னாடியே நிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "மத்ததை என் தொண்டை பாத்துக்கும். அடுத்த பருவத்துல இருந்து இந்தக் கட்டத்தையே விட்டுடலாம்னு எனக்குத் தோணுது சார். ஆளுக்கு ஆளு பிடிப்போம். மச்சானுக்கும் வயசாகுது, எவ்வளவு நாள்தான் கோடு போடுவாரு?"

தலைமைப் பயிற்சியாளர் மேசை விளிம்பைப் பிடித்தபடி யோசித்தார். அதாவது யோசிப்பதுபோல் இருந்தார். "செஞ்சு பாப்போம்" என்றார். "இந்த ஆட்டத்துல தூண் முன்னாடி நிக்கட்டும். நல்லா வந்தா, அடுத்த பருவம் கட்டம் வேண்டாம்."

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "அவனுக்கு அந்தக் காது கேட்காது." நான்கு சொல். சொல்லியிருந்தால் தூண் வேலையை இழந்திருப்பான், என் முறை பிழைத்திருக்கும். ஒருவனுடைய செவிட்டுக் காதைக் காட்டித்தான் என் கணக்கை நிரூபிக்க வேண்டுமா என்று நினைத்தேன். அது எனக்கு இழிவாகப் பட்டது. எழுந்துபோய் நீல வில்லை ஒன்றை இரண்டு சாண் உள்ளே நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் கையால் செய்த காரியம்.

மிச்சம் வாயால் செய்தது. அதை உங்கள் அறிக்கை கண்டுபிடிக்கவில்லை.

அன்று மத்தியானம் தூண் வந்தான். பயந்திருந்தான்.

"சார், வலது கொடிக்கு என்னைப் போய் நடுவுல நிறுத்தறீங்களே. அண்ணன் கத்தினா எனக்கு..."

"கீப்பர் அந்தப் பந்துக்கு வரமாட்டார்" என்றேன். "எங்கிட்ட தனியாச் சொல்லிட்டார். கோட்டுலயே நிப்பாராம். அது உன்னோட பந்து. திரும்பிப் பாக்காம போய் முட்டு. சந்தேகப்பட்டா அரை அடி பிந்திடுவ."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

மாப்பிள்ளையை மைதானத்தில் பிடித்தேன். கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரின்னு படுது. வலது கொடிப் பந்து நடுவுல விழுந்தா தைரியமா வெளிய வாங்க. தூண்கிட்ட பேசிட்டேன். உங்க குரல் கேட்டா விலகிடுவான்."

அவர் கையுறை மாட்டுவதை நிறுத்தினார். பிறகு தோளில் கை போட்டார்.

"மச்சான், நீங்க இப்படி இறங்கி வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. அன்னிக்கு வீட்டுல கிண்டல் பண்ணதை மனசுல வெச்சுக்காதீங்க. அவளும் சொன்னா, பாவம்னு."

"அதெல்லாம் மறந்தே போச்சு" என்றேன்.

பயிற்சியில் எட்டு முறை செய்து பார்த்தோம். காலி மைதானம். எட்டு முறையும் தூண் விலகினான். கீப்பர் வரமாட்டார் என்று சொன்னீர்களே என்று அவன் கேட்டான். பயிற்சிக்காக வருகிறார் என்றேன். நம்பினான். தலைமைப் பயிற்சியாளர் கை தட்டினார்.

ஆட்டத்தன்று வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் தங்கை எனக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் பாதியில் வந்த கார்னர் எல்லாம் இடது கொடி. எழுபத்தோராவது நிமிடம் வலது கொடியில் ஒன்று கிடைத்தது. எதிரணியின் உதைக்காரன் வலது காலால் உதைப்பவன். அவன் உதைத்தால் பந்து கோலை நோக்கி வளைந்து நடுக் கட்டத்தில்தான் இறங்கும். பருவம் முழுக்க அவன் உதைத்ததை எண்ணி வைத்திருக்கிறேன், பத்தில் ஏழு அங்கேதான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நான் தாளைப் பார்க்கவில்லை. தேவை இல்லை.

பந்து வந்தது. மாப்பிள்ளை கத்தினார். அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது, அவ்வளவு பெரிய குரல். கையை உயர்த்திப் பாய்ந்தார். எதிரணி ஆட்டக்காரர்கள்கூட இருவர் தயங்கி நின்றார்கள். தூண் தயங்கவில்லை. சொன்னதைச் செய்கிறவன். ஐந்தடி ஓடி, எகிறி, முட்டினான். அவன் முட்டியது பந்தை இல்லை, மாப்பிள்ளையின் நெற்றிப் பொட்டை. கதவை அழுத்திச் சாத்தினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

என் கணக்கு விலா எலும்பு வரைக்கும்தான். ஒரு விலா, ஆறு வாரம் ஓய்வு, கொஞ்சம் வெட்கம். நெற்றிப் பொட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒன்றையும் மறைப்பவன் அல்ல.

தூண் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைக்கிறான். நெற்றியில் தையலோடு இந்த அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதான். "அண்ணன் வரமாட்டார்னு சொன்னாரே சார், ஏன் சார் வந்தார்?" என்றான். கடைசி நேரத்தில் மனசு மாறியிருக்கும் என்றேன். என் பேச்சை அவன் உங்களிடம் சொல்லவில்லை, பார்த்தீர்களா? அவன் காதை நான் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் என்னை அவன் காட்டிக்கொடுக்கமாட்டான். கூட்டத்தின் இரைச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். இனி ஆடமாட்டானாம். நன்றியுள்ள பிராணிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அருவருப்பு.

மாப்பிள்ளை பிழைத்துவிட்டார். நடக்கிறார், ஊட்டினால் சாப்பிடுகிறார். பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் "கீப்பர்". வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் "கீப்பர்". அவர் பிள்ளை பக்கத்தில் வந்தாலும் அதேதான், சின்னக் குரலில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். என் தங்கைக்கு ஆள் துணை வேண்டும். அவரைத் தூக்கி உட்கார வைப்பேன், முகம் துடைத்துவிடுவேன். போன வாரம் அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, உப்புக் குப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ அன்னிக்கே சொன்னியாமே அண்ணா, கணக்கு இருக்குன்னு. இவர்தான் கேக்கல."

"விடும்மா" என்றேன்.

"உன் தாள்ல எங்கயாவது தப்பு நடந்திருக்குமோன்னு விசாரணைல எழுதறாங்களாம். நான் போட்ட கோணக் கணக்குல தப்பு இருந்திருக்குமா?"

அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். பதினான்காம் பத்தியில், "தற்காப்பு ஏற்பாட்டில் நேர்ந்த பிழையால் இருவர் ஒரே இடத்துக்கு அனுப்பப்பட்டனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். தலைமைப் பயிற்சியாளர் வேறு, ஸ்கேல் சார் கடைசியில் குழம்பிவிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். மூன்று வருடமாகத் தன் நாற்காலி ஆடுவது தெரியாத மனிதர் என் தாளில் பிழை கண்டுபிடிக்கிறார். கோணம் சரி. கட்டம் சரி. பந்து விழுந்த இடம் ஒரு சாண்கூடத் தப்பவில்லை. இருவரும் ஒரே இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பியவன் நான், இருவரிடமும் தனித்தனியாகப் பொய் சொல்லி, தெரிந்தே அனுப்பினேன். பிழை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பிறகு எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? இன்னும் இரண்டு விஷயம்தான். அந்தப் பந்து இருவர் மேலும் பட்டுத் தெறித்து இடது கட்டத்தில் விழுந்தது. அங்கே நின்றவன் தன் கட்டத்தை விட்டு நகராமல் அதை வெளியே உதைத்தான். கோல் விழவில்லை. நூற்று முப்பத்தெட்டோடு அன்றைய ஐந்து, மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று கார்னர், கோல் பூஜ்யம். அதை இணைப்பில் சேருங்கள்.

இன்னொன்று, அன்று சாப்பாட்டு மேசையில் என் தங்கை சிரித்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மட்டும் தனிப் பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.